கான்கிரீட் கம்பிக்குத் தாவரப் பூச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவில் மாணவர்கள், சைட் பொறியாளர்கள், கடலோரத்தில் வீடு கட்டுபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க வேண்டியது எது, கட்டடத்தில் செய்யலாம் என்பது எது என்று அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

கான்கிரீட்டுக்குள் மூடிக் கிடக்கும் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது?

நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பும் காரங்களும் உண்டாகி, உள்ளே இருக்கும் ஈரத்தின் பி.எச். 12.5 முதல் 13.5 வரை போய்விடும். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடு படலம் உருவாகி, துருவைத் தடுத்து நிற்கும்.

அந்தப் படலத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, உப்பிலிருந்து வரும் குளோரைடு. கடற்காற்று, கழுவாத மணல், உவர் போர்வெல் தண்ணீர் எல்லாம் இதற்கு வழி. பி.எச். உயரமாக இருந்தாலும் குளோரைடு படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். மற்றொன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. அது மெல்ல உள்ளே இறங்கி பி.எச்.-ஐ 9-க்குக் கீழே கொண்டுவந்தால் படலம் மொத்தமாகப் போய்விடும். பிறகு உண்டாகும் துரு, கரைந்த இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைக்கும். கான்கிரீட் வெடித்துப் பொரிந்து விழுவது அதனால்தான்.

அப்படியானால் கம்பிக்குப் பூச்சு எப்போது தேவை?

எப்போதாவதுதான். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 இதில் தெளிவாக இருக்கிறது. பிரிவு 5.6.1 கம்பியில் உதிரும் துரு, பெயின்ட், எண்ணெய், சேறு போன்ற பிடிமானத்தைக் குறைக்கும் எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. அடுத்த பிரிவு 5.6.2, விதிவிலக்கான இடங்களிலும் பழுதுபார்ப்பிலும் பூச்சு போன்ற சிறப்பு ஏற்பாடு தேவைப்படலாம் என்கிறது. ஆகவே ‘பூச்சு’ என்ற பெயரில் கம்பியில் எதைத் தடவினாலும், அது முதல் பிரிவு தடுக்கும் எண்ணெய்க் கணக்கில் சேராது என்று காட்டும் பொறுப்பு பூசுகிறவருடையது.

கடல் அலை தெறிக்கும் தூண்கள், உப்பளம், இறால் பண்ணைத் தொட்டி, உப்புநீர் தொடும் அடித்தளம், துருப்பிடித்த கட்டடத்தைப் பழுதுபார்ப்பது ஆகிய இடங்களில் பூச்சைப் பற்றி யோசிக்கலாம்.

தாவரப் பூச்சு என்ற பெயரில் எவையெல்லாம் வருகின்றன?

ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொருள்களை ஒரே பெயரில் அடைத்திருக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் அதைக் காய்ச்சி வடிக்கும் கார்டனாலும் ஒரு வகை. ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களும் அவற்றால் செய்யும் ஆல்கிட் பெயின்ட்டும் இன்னொரு வகை. குங்கிலியம், பைன் மரத்து ரோசின் போன்ற, தண்ணீரில் கரையாத மரப் பிசின்கள் உண்டு. கருவேலம் பிசின் போன்று தண்ணீரில் கரைபவையும் உண்டு. கடுக்காய், ஆவாரம்பட்டை, வாட்டில் மரப்பட்டை தரும் துவர்ப்புப் பொருளான டானின், ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யும் பாலியூரித்தேன், காகித ஆலைக் கழிவில் கிடைக்கும் லிக்னின், இலைச் சாறுகள் என்று பட்டியல் நீளும்.

இவற்றில் எது கான்கிரீட்டுக்குள் தாங்கும்?

தாவரத்திலிருந்து வந்ததா, பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்பது கம்பிக்குத் தெரியாது. பார்க்க வேண்டியது, அந்தப் பொருளின் மூலக்கூறுப் பிணைப்புகள் பி.எச். 13-ல் ஆண்டுக்கணக்கில் பிரியாமல் நிற்குமா என்பதை மட்டும்தான். இந்த ஒரு கேள்வியிலேயே பட்டியலில் பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

ஆளி விதை எண்ணெயும் ஆல்கிடும் எஸ்டர் பிணைப்பால் ஆனவை. காரம் பட்டால் எஸ்டர் உடைந்து சோப்பாகும். சோப்புக் காய்ச்சுபவர் எண்ணெயில் காஸ்டிக் சோடாவைச் சேர்த்துச் செய்யும் அதே வேலையைத்தான் சிமெண்ட் இங்கே செய்கிறது. ஜன்னல் கம்பிக்கு நன்றாக உழைக்கும் ஆல்கிட் பெயின்ட், கான்கிரீட்டுக்குள் வழுவழுப்பாகி உரிவது இதனால்தான்.

ரோசின் நிலைமை இன்னும் மோசம். அதிலிருக்கும் அபியட்டிக் அமிலம் காரத்தோடு சேர்ந்து ரெசின் சோப்பாகும். கான்கிரீட்டில் நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்குவதற்கென்றே விற்கும் கலவைப் பொருள்களில் பல இந்த மரப்பிசின் சோப்புதான். கம்பியில் ரோசின் பூசினால், கம்பியை ஒட்டிய கான்கிரீட்டைக் குமிழி குமிழியாக நாமே ஆக்கிக்கொள்கிறோம். நைஜீரியாவில் உள்ளூர் மரங்களின் பிசின்களைக் கம்பியில் பூசி, உப்புநீரில் வைத்துச் சோதித்த ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது சோதனை எத்தனை நாள் நடந்தது, காரத்தில் தனியாகச் சோதித்தார்களா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

கருவேலம் பிசின் ஈரக் கான்கிரீட்டிலேயே கரையத் தொடங்கும். அது சர்க்கரை வகைச் சேர்மம் என்பது கூடுதல் தொல்லை. சிமெண்ட் எடையில் 0.1 சதவீத அளவுச் சர்க்கரை, அதாவது 50 கிலோ மூட்டைக்கு 50 கிராம், இறுகுவதை மணிக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் பழைய சுண்ணாம்புக் காரைக்குப் பொருந்தியது உண்மை. அந்தக் காரைக்குள் இரும்புக் கம்பி இல்லை, சிமெண்டும் இல்லை.

ஆமணக்குப் பாலியூரித்தேனிலும் எஸ்டர் உண்டு. அடர்ந்த பின்னலும் நீரை விலக்கும் தன்மையும் இருப்பதால் ஆல்கிடைவிட நெடுநாள் தாங்கும். கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கு அது நல்ல பூச்சு. உள்ளே கம்பிக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மிஞ்சுவது கார்டனால். அதன் அடிப்படை பீனால் வளையம். பக்கத்தில் 15 கார்பன் கொண்ட நீண்ட வால். எபாக்சியோடு (இரண்டு பொருளைக் கலந்ததும் இறுகும் ரெசின்) சேர்ந்து இறுகியபின் அதில் உடைவதற்கு எஸ்டர் இல்லை. வால் தண்ணீரை விலக்குகிறது, படலத்துக்குக் கொஞ்சம் வளையும் தன்மையும் தருகிறது. இன்று நடைமுறையில் நம்பிக் கையிலெடுக்கக் கூடியது இந்த வழி ஒன்றே என்பது எங்கள் கணிப்பு.

வேப்பிலை, முருங்கை, பப்பாளி இலைச் சாறு 90 சதவீதம் துருவைத் தடுக்கும் என்று கட்டுரைகள் சொல்கின்றனவே?

கட்டுரையில் ‘சோதனைக் கரைசல்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அல்லது கந்தக அமிலம் என்றுதான் இருக்கும். தொழிற்சாலைகளில் இரும்பை அமிலத்தில் கழுவும்போது அளவுக்கு மேல் கரையாமல் காக்க அந்த எண் பயன்படும். பி.எச். 13-ல் உப்பு தாக்கும் கம்பிக்கு அந்த எண்ணைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது; அமிலத்தில் இரும்பின் மேல் ஆக்சைடு படலமே கிடையாது, வேதிவினையே வேறு.

சாறு என்பது பூச்சும் அல்ல. கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் சேர்க்கும் தடுப்பான் என்ற வகையில் வரும். அங்கே இறுகும் நேரத்தையும் 28 நாள் வலிமையையும் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். ஒரே மரத்து இலையில்கூடப் பருவத்துக்குப் பருவம் சேர்மங்களின் அளவு மாறுவது இன்னொரு இடைஞ்சல்.

கடுக்காய் டானின் துருவைக் கறுப்பாக்குகிறதே, அது போதாதா?

ஆக்குவது உண்மை. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலை இடித்து, லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் போட்டு, 60–70 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். துருப்பிடித்த ஆணியில் ஒரு சொட்டு விட்டால் சில நிமிடங்களில் நீலக்கறுப்பாகும். இரும்பு டானேட் உருவாகிவிட்டது என்று அர்த்தம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையால்தான்.

ஆனால் அதே கறுப்பு ஆணியைச் சுண்ணாம்புத் தெளிநீரில் போட்டுப் பாருங்கள். நீர் மெல்லப் பழுப்பாகும். டானின் காரத்தில் பிரிந்து கரைகிறது. ஆகவே டானின் தனித்து நிற்கும் பூச்சல்ல. சாண்ட் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக வீசிக் கம்பியைச் சுத்தம் செய்வது) செய்ய முடியாத பழுதுபார்ப்பு இடத்தில், கம்பி பிரஷ் போட்டும் போகாமல் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு ஒரு கை தடவி, முழுவதும் காய்ந்தபின் மேலே எபாக்சி பூசி அடைக்கலாம். செதிலாக நிற்கும் துருவில் டானின் மேற்பரப்பை மட்டும் கறுப்பாக்கும். உள்ளே துரு அப்படியே இருக்கும். கறுப்பானதும் ‘வேலை முடிந்தது’ என்று நினைத்துவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. பிளாஸ்டிங் செய்து வெள்ளையாக்கிய கம்பியில் டானினுக்கு வேலையே இல்லை.

முந்திரி ஓட்டெண்ணெயை அப்படியே கம்பியில் தடவலாமா?

கூடாது. மரத்துக்கும் படகுக்கும் கரையான், பூச்சி வராமல் அதைப் பூசுவது பழைய வழக்கம். அந்தப் பழக்கத்தில் கம்பிக்கும் தடவினால் இரண்டு கெடுதல். இயற்கை எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். சூடாக்கி எடுத்த வணிக எண்ணெயில் பெரும்பங்கு கார்டனால். எதுவானாலும் தானாக உலர நாள்கணக்கில் ஆகும், அதன்பிறகும் பிசுபிசுக்கும். உலராத எண்ணெய் சென்ட்ரிங் பலகைக்குத் தடவும் ஆயிலின் வேலையைச் செய்து, கான்கிரீட் கம்பியைப் பிடிக்கவிடாது. இரண்டாவது, பின்னிப் பிணையாத பீனால் காரத்தில் அயனியாகி நீரில் கலங்கிப் போகும்.

கார்டனாலை ஃபார்மால்டிஹைடு, அமீன் இரண்டோடும் வினைப்படுத்தி ‘பீனால்கமின்’ என்ற எபாக்சி இறுக்கியாக (எபாக்சி ரெசினைக் கெட்டியாக்கும் பொருளாக) மாற்றி விற்கிறார்கள். வாங்க வேண்டியது அதைத்தான். அந்த வினையை வீட்டிலோ கல்லூரி வராந்தாவிலோ செய்து பார்க்க வேண்டாம். பீனால்கமினுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு: லேசான ஈரமுள்ள பரப்பிலும் பிடிக்கும், மற்ற அமீன் இறுக்கிகளைப் போல ஈரக்காற்றில் மேலே மெழுகுப் படலம் கட்டுவது குறைவு. நம் கடலோரக் காற்றுக்கு அது ஒத்துவரும்.

அப்படியென்றால் அது முழுத் தாவரப் பூச்சு இல்லையே?

இல்லைதான். எபாக்சி ரெசின் பெரும்பாலும் பெட்ரோலியம் வழி. 100 பங்கு ரெசினுக்குச் சுமார் 65 பங்கு இறுக்கி போகிறது என்றால், மொத்தத்தில் 40 சதவீதம் இறுக்கி. அதில் கார்டனால் பங்கு ஏறக்குறைய 70 சதவீதம். ஆக, படலத்தில் தாவரப் பங்கு நான்கில் ஒன்றைத் தாண்டி, மூன்றில் ஒன்றைத் தொடாமல் நிற்கும். விளம்பரத்தில் ‘100% இயற்கை’ என்று போட்டிருந்தால், எந்த எடைக்கு எந்தச் சதவீதம் என்று கேளுங்கள்.

ஒரு பூச்சு உதவுமா என்பதைக் குறைந்த செலவில் எப்படிச் சோதிப்பது?

உப்புநீரில் தொடங்காதீர்கள், காரத்தில் தொடங்குங்கள். அங்கே தோற்றதற்கு மேற்கொண்டு பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

12 மி.மீ. கம்பியில் 20 செ.மீ. துண்டுகளாக வெட்டிப் பூசுங்கள். ஒவ்வொரு வகையிலும் மூன்று துண்டு இருக்கட்டும். பூசாத கம்பி மூன்றும், கடையில் கிடைக்கும் சாதாரண எபாக்சி பூசியது மூன்றும் ஒப்பிட வேண்டும். பாதித் துண்டுகளில் 6 மி.மீ. ஓட்டை அளவுக்குப் பூச்சை வேண்டுமென்றே இரும்பு தெரியும் வரை எடுத்துவிடுங்கள். எபாக்சிக் கம்பிக்கான (எபாக்சி பூசிய கம்பி) அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். ஏ775 தரநிலை நான்கு திரவங்களில் 45 நாள் ஊறவைக்கச் சொல்கிறது: காய்ச்சி வடித்த நீர், தெவிட்டிய சுண்ணாம்புக் கரைசல், 3 மோலார் காஸ்டிக் சோடா (லிட்டருக்கு 120 கிராம்), 3 மோலார் கால்சியம் குளோரைடு (நீரற்ற உப்பு என்றால் லிட்டருக்கு 333 கிராம்). காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், கொதித்துத் தெறிக்கும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வலுவிழக்காமல் இறுக மூடி வையுங்கள்.

எடுத்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மென்மையாகியிருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா, ஓட்டையின் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்து நெம்பினால் எவ்வளவு தூரம் உரிகிறது? மூன்றாவதுதான் முக்கியம். பூச்சு பளபளவென்று முழுசாக இருந்து, நெம்பினால் சட்டை கழற்றுவது போல வந்தால் அது தோல்வி.

இதில் தேறியவற்றை மட்டும் கான்கிரீட்டுக்குக் கொண்டுபோங்கள். 100 மி.மீ. விட்டம், 200 மி.மீ. உயரமுள்ள உருளை, நடுவில் கம்பி, இரு முனையும் நன்றாக அடைத்திருக்க வேண்டும். உப்பு சீக்கிரம் இறங்குவதற்காகத் தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.6 வையுங்கள். 28 நாள் கியூரிங் முடிந்தபின் 3.5 சதவீத உப்புநீரில் 4 நாள், காற்றில் 3 நாள் என்று சுழற்றுங்கள். மாதக்கணக்கில் ஓடும் சோதனை இது. இரண்டு வாரத்தில் முடிவு கேட்பவர்களுக்கு ஒத்துவராது.

கம்பியை எப்படித் தயார் செய்வது?

தோல்விகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. டி.எம்.டி. கம்பியின் மேல் ஆலையிலேயே வரும் நீலச்சாம்பல் செதில் இருக்கும். கம்பி பிரஷ் அதை எடுக்காது, மினுமினுப்பாகத் தேய்த்துவிடும். பார்க்கச் சுத்தமாகத் தெரியும். மேலே பூசினால் பூச்சு செதிலைப் பிடிக்கும், செதில் இரும்பைவிட்டுப் பெயரும்.

எண்ணெய், கிரீஸ் இருந்தால் முதலில் கரைப்பானால் துடையுங்கள். பிளாஸ்டிங்குக்குப் பிறகு துடைத்தால், உருவான சொரசொரப்புக்குள் எண்ணெயைத் தேய்த்து ஏற்றியதாகிவிடும். பிறகு எஸ்ஏ 2½ தரத்துக்கு (ஏறக்குறைய முழுச் சுத்தம்) பிளாஸ்டிங், சொரசொரப்பு 50–70 மைக்ரான். முறுக்கு வரிகளின் அடிவாரத்தில் கறுப்பு மிஞ்சுகிறதா என்று கம்பியைச் சுற்றிப் பாருங்கள். கடற்கரை ஊரில் கிடந்த கம்பியானால் பிளாஸ்டிங்குக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். துருக்குழியில் தங்கிய உப்பு மணலால் போகாது.

பிளாஸ்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் முதல் பூச்சு ஏற வேண்டும். கம்பியின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கட்டும். கடலோரத்தில் அதிகாலைப் பூச்சு வேண்டாம்; காலை 9 மணிக்குப் பிறகு தொடங்கி, பிற்பகலுக்குள் முடித்துவிடுவது நல்லது.

கலவை விகிதம், அளவு?

விகிதம் டப்பாவில் போட்டிருப்பதுதான். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள்: இறுக்கியின் அமீன் ஹைட்ரஜன் சமஎடையை ரெசினின் எபாக்சி சமஎடையால் (இரண்டும் தயாரிப்பாளர் தரும் எண்கள்) வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். ரெசின் 190, இறுக்கி 125 என்றால் 100 கிராம் ரெசினுக்கு 66 கிராம் இறுக்கி. தராசில் நிறுத்துப் போடுங்கள். டம்ளர் கணக்கு உதவாது. ‘சீக்கிரம் காயட்டும்’ என்று இறுக்கியைக் கூட்டினால் சீக்கிரம் காயாது. சேராமல் மிஞ்சும் அமீன் படலத்தை மென்மையாக்கி, தண்ணீரை உள்ளே இழுக்கும்.

35 டிகிரி வெயிலில் ஒரு வேளைக்கு 1 கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். ஆழமான வாளியில் சூடு தங்கிச் சட்டென்று கட்டியாகும். அகலத் தட்டில் ஊற்றி வைத்தால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

பரப்பளவுக் கணக்கு இது. 1 டன் 8 மி.மீ. கம்பியின் மேற்பரப்பு சுமார் 64 சதுர மீட்டர், 12 மி.மீ. என்றால் 42, 16 மி.மீ. என்றால் 32. 200 மைக்ரான் உலர் தடிமனுக்கு, திடப்பங்கு (காய்ந்தபின் மிஞ்சுவது) 80 சதவீதமுள்ள பூச்சானால், 12 மி.மீ. கம்பி டன்னுக்கு ஏறக்குறைய 10.6 லிட்டர். பிரஷில் வீணாவதையும் முறுக்கு வரிகளையும் சேர்த்து 14–15 லிட்டர் எடுத்து வையுங்கள். மெல்லிய கம்பிக்குச் செலவு கூடுவது ஏன் என்று இந்தக் கணக்கிலேயே தெரியும்.

எத்தனை மைக்ரான் பூசலாம்? எப்படி அளப்பது?

10 முதல் 16 மி.மீ. வரையுள்ள எபாக்சிக் கம்பிக்கு ஏ775 சொல்லும் 175–300 மைக்ரானை இதற்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பூச்சில் ஏற்ற வேண்டாம். 100, 100 என இரண்டு முறை. முதல் பூச்சின் ஊசித்துளை இரண்டாவதில் மூடும். முதலாவது கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும், மறுநாளுக்குள் அடுத்ததைப் போடுங்கள். முழுதாக இறுக 7 நாள் விடுங்கள்.

உருண்டைக் கம்பியில் சீப்பு அளவி (ஈரப் பூச்சின் தடிமன் பார்க்கும் பல் வைத்த தகடு) சரியாக உட்காராது. மின்காந்த அளவி இல்லாவிட்டால் எடையை வைத்துப் பார்க்கலாம். 1 மீட்டர் 12 மி.மீ. கம்பியில் 200 மைக்ரான் என்றால், அடர்த்தி 1.2 உள்ள படலம் சுமார் 9 கிராம். பூசும் முன்னும் காய்ந்த பின்னும் நிறுத்தால் சராசரி தெரிந்துவிடும். சராசரி நன்றாக இருந்தும் வரிகளின் உச்சியில் பூச்சு வழிந்து மெலிந்திருக்கலாம், அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கார்டனால் பூச்சின் இயல்பு நிறம் கரும்பழுப்பு. வெறும் இரும்பும் துருவும் அதில் மறைந்துபோகும். முதல் பூச்சுக்கும் இரண்டாவதுக்கும் வேறு வேறு நிறமி கலக்கச் சொல்வது இதனால்தான்.

ஊசித்துளையைக் கண்டுபிடிக்க, துளை இருக்கும் இடத்தில் ஒலிக்கும் 67.5 வோல்ட் ஈரப் பஞ்சுக் கருவி. மீட்டருக்குச் சராசரி மூன்றுக்கு மேல் ஒலித்தால் அந்தத் தொகுதியைத் திருப்பி அனுப்புங்கள்.

கான்கிரீட் பிடிமானம் குறையாதா?

குறையும். கம்பியின் பிடி மூன்று வழியில் வருகிறது: ஒட்டுதல், உராய்வு, வரிகள் கான்கிரீட்டில் முட்டுவது. வழுவழுப்பான படலம் முதல் இரண்டையும் குறைத்துவிடும், மூன்றாவது நிற்கும். 300 மைக்ரானைத் தாண்டிப் பூசினால் வரிகளுக்கு இடையிலான பள்ளம் நிரம்பி அதுவும் மங்கும். அமெரிக்க ஏ.சி.ஐ. 318 விதி, எபாக்சிக் கம்பிக்குப் பிடிப்பு நீளத்தை (கம்பி கான்கிரீட்டுக்குள் பதிந்திருக்க வேண்டிய நீளம்), கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன்) அந்தக் கம்பி விட்டத்தின் மூன்று மடங்குக்கும் குறைவாகவோ கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி ஆறு மடங்குக்கும் குறைவாகவோ இருந்தால் 1.5 மடங்காக்கச் சொல்கிறது. மற்ற இடங்களில் 1.2. தாவரப் பூச்சுக்கு இதைவிடச் சலுகை எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. ஐ.எஸ். 2770 இழுவைச் சோதனையைப் பூசியதிலும் பூசாததிலும் செய்து, ஒப்பிட்ட பின்பே வடிவமைப்பாளரிடம் போங்கள். வெறும் கம்பிக்கு வரைந்த ஓவர்லேப் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு பூசிய கம்பியைப் போடுவது ஆபத்து.

பூசிவிட்டு வளைப்பதா, வளைத்துவிட்டுப் பூசுவதா?

சிறு வேலைக்கு வளைத்து வெட்டி முடித்தபின் பூசுங்கள். ஸ்டிரப் கொக்கி போன்ற சிறிய ஆரத்தில் வெளி வளைவில் படலம் மயிரிழையாகக் கீறும்.

தளத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பூச்சைக் கெடுப்பது கடலைவிடப் பெரும்பாலும் நாம்தான். லாரியிலிருந்து கட்டைத் தள்ளிவிடுவது, கம்பி மேல் கம்பியை இழுப்பது, கட்டிய வலையின் மேல் ஜல்லிச் சட்டியோடு நடப்பது, இரும்புத் தலை வைப்ரேட்டரை உரசவிடுவது எல்லாம் படலத்தைச் சிராய்க்கும். கட்டுக்கம்பி பிளாஸ்டிக் உறை போட்டதாக இருக்கட்டும், தாங்கு நாற்காலியும் பிளாஸ்டிக்கில். வைப்ரேட்டர் தலைக்கு ரப்பர் உறை. வெட்டிய முனையை அன்றே பூசுங்கள். கம்பி கட்டுபவர் கையில் அதே பூச்சில் சிறு டப்பாவும் பிரஷும் கொடுத்துவிடுங்கள். கான்கிரீட் போடும் நேரத்தில் தேடினால் கிடைக்காது. வெயிலில் அடுக்கி வைத்தால் எபாக்சி சுண்ணாம்பு போல வெளுத்து உதிரும், தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

செலவைக் குறைக்க வெளிப்பக்கக் கம்பிக்கு மட்டும் பூசலாமா?

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பூசிய கம்பியும் பூசாத கம்பியும் கட்டுக்கம்பி வழியாக மின்தொடர்பில் இருந்தால், பூச்சின் சிறு கீறல் நேர்முனையாகவும் (இரும்பு கரையும் இடம்) உள்ளே பரந்து கிடக்கும் வெறும் கம்பி முழுவதும் எதிர்முனையாகவும் மாறும். கீறல் சிறியதாகவும் எதிர்முனை பெரியதாகவும் ஆக ஆக, அந்த ஒரு புள்ளியில் அரிப்பு ஆழமாக இறங்கும். ஒரே உறுப்பில் தொடும் கம்பிகள் எல்லாவற்றையும் பூசுங்கள். முடியாவிட்டால் பூச்சை விட்டுவிட்டு அந்தப் பணத்தை நல்ல கான்கிரீட்டில் போடுங்கள்.

பூசிய கம்பி பெரிய அளவில் தோற்ற உதாரணம் உண்டா?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுப் பாலங்கள். 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் எபாக்சிக் கம்பி போட்டுக் கட்டியவை. லாங் கீ, செவன் மைல் உள்ளிட்ட பாலங்களின் தூண் பகுதியில், அலை தெறிக்கும் உயரத்தில், 1980-களின் நடுவிலேயே அரிப்பு தெரிந்தது. சூடும் உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில், கையாளும்போது விழுந்த சேதத்தின் ஓரங்களில் தொடங்கி, பூச்சு இரும்பைவிட்டுப் பிரிந்து, அடியில் துரு ஓடியிருந்தது. தொழிற்சாலையில் சூடாக்கிப் பொடியை உருக்கி ஏற்றிய பூச்சுக்கே அந்தக் கதி. நம் கடலோரமும் அதே தட்பவெப்பம்தான். கையால் பூசும் கார்டனால் எபாக்சி அதைவிட நன்றாக உழைக்கும் என்று யாரேனும் உறுதி கொடுத்தால், நெம்பிப் பார்த்த சோதனை முடிவைக் கேளுங்கள்.

சிமெண்ட் பூச்சு, ஜிங்க் பூச்சு போன்றவற்றோடு ஒப்பிட்டால்?

காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி, உருவாக்கிய சிமெண்ட் பாலிமர் பூச்சு நம் ஊர்களில் பழக்கமானது. சிமெண்டே இருப்பதால் கம்பியைச் சுற்றிக் காரம் நிற்கும், கான்கிரீட்டும் நன்றாகப் பிடிக்கும். துருவின் மேலேயே பூசினால் இதுவும் தோற்கும். ஜிங்க் முலாம் கீறல் விழுந்த இடத்தையும் தன்னைக் கரைத்துக்கொண்டு காப்பாற்றும். மேலே சொன்ன படலப் பூச்சு எதற்கும் அந்தக் குணம் கிடையாது.

பழைய தூணில் கம்பி துருத்தித் தெரிகிறது. அங்கே பயன்படுத்தலாமா?

பீனால்கமின் எபாக்சிக்குப் பொருத்தமான இடம் இது. ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் குணம் இங்கேதான் கைகொடுக்கும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் கொத்திப் பூசுவது வழக்கமான தவறு. கம்பிக்குப் பின்னால் 20–25 மி.மீ. இடைவெளி வரும்வரை கொத்தி, துரு இல்லாத பகுதி தெரியும் வரை நீளவாக்கில் போங்கள். கம்பியின் குறுக்குப் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கரைந்திருந்தால் துணைக் கம்பி சேர்ப்பதைப் பொறியாளரிடம் கேளுங்கள். பூசும்போது பழைய கான்கிரீட்டின் ஓரத்தில் எபாக்சி படிந்து காய்ந்துவிட்டால், புதிய காரை அங்கே ஒட்டாது. ஓரத்தைச் சுத்தமாக வையுங்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில், உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டில், சில ஆண்டில் புதிதாகத் துரு கிளம்புவது உண்டு. பூச்சால் அதைத் தடுக்க முடியாது.

கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு கட்டுகிறேன். தாவரப் பூச்சு வாங்கட்டுமா?

வேண்டாம். அந்தப் பணத்தில் ஐ.எஸ். 456 சொல்வதை முழுதாகச் செய்யுங்கள். ‘கடுமை’ வகைச் சூழலுக்கு எம்30 கான்கிரீட் (28 நாளில் சதுர மி.மீ.-க்கு 30 நியூட்டன் வலிமை), தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45-க்குள், கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், கவர் 45 மி.மீ. நம் வீடுகளில் தளத்துக்குக் கிடைப்பது பல நேரம் 15 மி.மீ. கவர் பிளாக், அதுவும் கம்பி மிதிபட்டுச் சாய்ந்த பிறகு. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமுக்குள் இருக்கிறதா என்று பரிசோதித்து வாங்குங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டில் மொத்தக் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது.

கையாளும்போது உடம்புக்கு என்ன ஆபத்து?

பச்சை முந்திரி ஓட்டெண்ணெய் தோலைக் கொப்புளிக்க வைக்கும். முந்திரி உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பீனால்கமின் அவ்வளவு கடுமையில்லை, ஆனால் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும், பிறகு வாழ்நாள் முழுக்க எபாக்சி வாடையே ஆகாது. நைட்ரைல் கையுறை, முழுக்கை, கண்ணாடி போடுங்கள். தோலில் பட்டதைத் தின்னரால் துடைக்காதீர்கள், அது உள்ளே இறக்கிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும். உலர்ந்த ஆற்றுமணலால் பிளாஸ்டிங் செய்தால் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். தாமிரக் கசடு, கார்னெட் போன்றவற்றை வாங்குங்கள்.

பத்து ஆண்டு கழித்துக் கம்பியின் நிலையை எப்படி அறிவது?

கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் வழக்கமான அரைக்கலச் சோதனையில், செப்பு–செப்பு சல்ஃபேட் மின்முனைக்கு எதிராக –350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் அரிப்பு நடக்க 90 சதவீத வாய்ப்பு, –200-க்கு மேலே நின்றால் அரிப்பு இல்லாதிருக்க 90 சதவீத வாய்ப்பு என்று படிப்போம். ஆனால் அந்த ஏ.எஸ்.டி.எம். சி876 முறை பூசாத கம்பிக்கு என்று தலைப்பிலேயே இருக்கிறது. பூசிய கம்பிகளுக்கு நடுவே மின்தொடர்பு இருக்காது. ஒரு கம்பியில் மீட்டரை மாட்டிவிட்டுச் சுவர் முழுக்க நகர்த்திப் படித்தால் வரும் எண்களுக்கு அர்த்தமில்லை.

முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். கான்கிரீட் போடுவதற்கு முன், கவலைக்குரிய இடத்தில் நாலைந்து கம்பிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் உறை போட்ட செம்புக் கம்பியைப் பற்றவைத்து, இணைப்பின் மேல் அதே பூச்சால் இரண்டு முறை மூடுங்கள். செம்புக் கம்பிகளின் மறுமுனைகளை எண் போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் கொண்டுவந்து விடுங்கள். கட்டி முடித்த மாதத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படித்துக் குறித்து வையுங்கள். பிற்பாடு ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே பருவத்தில், ஒரே இடத்தில் நனைத்துப் படித்து அந்த முதல் எண்ணோடு ஒப்பிடுங்கள். திடீரென்று 100–150 மில்லிவோல்ட் கீழே இறங்கிய கம்பி எதுவோ, அங்கே மட்டும் கொத்திப் பாருங்கள்.